இசைத்தாளில் பாடலின் தொடக்கத்தில் எழுதியிருக்கும் 3/4, 6/8 என்ற குறிகள் இரண்டுக்கும் என்ன வேறுபாடு? இரண்டிலும் ஆறுதானே வருகிறது?

கீபோர்ட் வாங்கிய புதிதில் யாரோ உங்களுக்குப் பின்னக் கணக்குச் சொல்லிக் குழப்பியிருக்கிறார்கள் போலும். இது வகுத்துப் பார்க்கும் எண் அல்ல. மேல் எண் ஓர் அளவுக்குள், அதாவது இசைத்தாளில் இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு இடைப்பட்ட பகுதிக்குள், எத்தனை எண்ண வேண்டும் என்பது. கீழ் எண் எந்த நீளமுள்ள சுரத்தை ஒன்றாக எண்ணுவது என்பது: 4 என்றால் முழுச் சுரத்தில் கால், 8 என்றால் அரைக்கால். வேகத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.

மூன்று காலும் ஆறு அரைக்காலும் நீளத்தில் ஒன்றுதான். அழுத்தம் விழும் இடம்தான் வேறு. 3/4 'தக தக தக', மூன்று தட்டு. 6/8 'தகிட தகிட', இரண்டே தட்டு.

இதற்காகவே எங்கள் பாடகர் குழுவில் ஒரு நத்தார் காலத்தில் சண்டை நடந்தது. கிளிநொச்சிப் பக்கம் சிறிய தேவாலயம். கீபோர்ட் வாசித்த தம்பி சான்றிதழ் வைத்திருப்பவர். தாலாட்டுப் போன்ற ஒரு 6/8 பாடலுக்கு கீபோர்ட்டிலேயே உள்ள வால்ட்ஸ் என்ற நடன ரிதத்தைப் போட்டுவிட்டு, "எல்லாம் ஆறுதானே" என்றார். வால்ட்ஸ் 3/4. முன்வரிசையில் இருந்த ஆச்சி ஒருவர், "தம்பி, பாட்டு நொண்டுகிறது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, ஏனென்றால் அவருடைய விரல் செபப் புத்தகத்தின் அட்டையில் அளவுக்கு இரண்டு முறைதான் விழுந்துகொண்டிருந்தது. ரிதத்தை நிறுத்தச் சொல்லி, அந்த விரலைப் பார்த்தே எல்லோரையும் கைதட்டிப் பாடவைத்தேன். இழுபட்டுக்கொண்டிருந்த சொற்கள் தாமாகத் தட்டில் வந்து உட்கார்ந்தன. ஆச்சிக்கு இசைக்குறியீட்டில் ஓர் எழுத்தும் தெரியாது.

சங்கீதம் முறையாகப் படித்தவர்கள் சண்டைக்கு வருமுன் நானே சொல்லிவிடுகிறேன்: தாளமும் இதுவும் ஒன்றல்ல. ஆதி தாளத்தின் எட்டு அட்சரம் (எண்ணிக்கை) 4+2+2 என்று பிரிந்து நிற்கும். 4/4 அதையெல்லாம் சொல்லாது. 6/8ஐத் திஸ்ர நடையில், அதாவது ஒவ்வோர் அட்சரமும் மூன்றாகப் பிரியும் நடையில், இரண்டு அட்சரம் என்று நினைத்துக்கொண்டால் தொடக்கத்துக்குப் போதும், அவ்வளவே. பறை, உடுக்கு கேட்டு வளர்ந்த வன்னிப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பது கடினமே இல்லை.

ஆனால் எங்கே சொல்லிக்கொடுப்பது? வெளிநாட்டு உறவுகள் அனுப்பிய நல்ல கீபோர்ட் ஒன்று எனக்குத் தெரிந்த பாடசாலையில் அலுமாரிக்குள் இருக்கிறது. திறப்பு அதிபரிடம். பழுதாகிவிடுமாம்! அன்பளித்தவரின் பெயர்ப்பலகையை மட்டும் மறக்காமல் வெளியே மாட்டியிருக்கிறார்கள். கேட்கப் போனால் நாங்கள்தான் குழப்பவாதிகள்.

சரி, உங்கள் விடயத்துக்கு வருகிறேன். ஒரு வாரம் ரிதப் பொத்தானைத் தொடாதீர்கள். தெரிந்த பாடலைப் பாடியபடி தொடையில் தட்டுங்கள். கை மூன்று கேட்கிறதா, இரண்டு கேட்கிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகு தாளில் உள்ள எண்ணைப் பாருங்கள்.