தீவன லாரி வாசலில் நிற்கும் அந்த ஒரு மணி நேரம்

கேள்வி: பல்லடம் பக்கம் ஒப்பந்த முறையில் (குஞ்சும் தீவனமும் கம்பெனியுடையது, எனக்கு வளர்ப்புக் கூலி) 5,000 கறிக்கோழி வளர்க்கிறேன். தீவன லாரி பெரும்பாலும் இரவில்தான் வருகிறது. ஓட்டுநர் கொட்டகை வரை வர மறுத்து, வாசலிலேயே மூட்டைகளை இறக்கிவிட்டுப் போகிறார். சென்ற முறை இரண்டு மூட்டை குறைந்தது, மூன்று நனைந்திருந்தன. வாக்குவாதம்தான் மிச்சம். என்ன செய்வது?

பதில்: ஓட்டுநர் வாசலோடு நின்றுவிடுவதைக் குறையாக எண்ண வேண்டாம். அதே லாரி அன்றைக்கே வேறு இரண்டு மூன்று பண்ணைகளுக்குள் போய் வந்திருக்கக்கூடும் என்பதால், வெள்ளைக்கழிச்சல் போன்ற நோய்களின் கிருமிகள் சக்கரத்தில் அப்பிய எச்சத்தோடும் சுமை இறக்குவோரின் செருப்போடும் உங்கள் கொட்டகைக்கு வந்து சேர வழி உண்டு. வேலியை ஒட்டி, தரையிலிருந்து உயர்ந்த, கூரையிட்ட ஒரு சிறு தீவன அறையை அமைத்துவிட்டால் லாரி உள்ளே வர வேண்டிய தேவையே இராது. அங்கிருந்து கொட்டகைக்கு மூட்டையை உங்கள் ஆட்களே எடுத்துப் போகட்டும்.

உள்ளே வந்துதான் ஆக வேண்டும் என்றால், சக்கரத்தின் சேற்றை முதலில் தண்ணீரால் கழுவிய பிறகே கிருமிநாசினியைத் தெளிக்க வேண்டும்; சேற்றின்மீது தெளிக்கும் மருந்து வீண். கால் நனைக்கும் தொட்டியில் பெர்மாங்கனேட் கலந்திருந்தால் அதன் நிறத்தைக் கவனியுங்கள். இளஞ்சிவப்பு மாறிப் பழுப்பாகிவிட்டால் அதற்கு வீரியம் இல்லை. பல பண்ணைகளில் அந்தப் பழுப்புத் தண்ணீரில்தான் எல்லோரும் நம்பிக்கையோடு காலை நனைத்துவிட்டு உள்ளே போகிறார்கள். பார்க்கும்போதெல்லாம் மனம் பதைக்கிறது.

அடுத்தது எண்ணிக்கை. ஒரு கோழி இரண்டு கிலோ எடைக்கு வர ஏறத்தாழ 3.25 கிலோ தீவனம் தின்னும் என்று கொண்டால், உங்களுக்கு ஒரு பேட்சுக்கு 50 கிலோ மூட்டை சுமார் 325 வேண்டியிருக்கும். குறைந்துபோன இரண்டு மூட்டை, அதாவது 100 கிலோ, உங்கள் கோழிகள் தின்ற கணக்கில் ஏறி, எஃப்.சி.ஆரை (ஒரு கிலோ எடை கூடத் தின்ற தீவனத்தின் அளவை) கூட்டி, வளர்ப்புக் கூலியில் கை வைத்துவிடும். ஆகவே இறக்கிய பின் எண்ணுவதை விட்டுவிட்டு, அட்டி போடும்போதே (மூட்டைகளை அடுக்கும்போதே) வரிசைக்கு இத்தனை மூட்டை என்று முடிவு செய்து, ஒவ்வொரு வரிசை முடிந்ததும் நீங்களும் ஓட்டுநரும் சேர்ந்து எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். மூட்டையின் வாயையும் பாருங்கள்: ஆலைத் தையல் ஒரே சீராக ஓடும், கையால் மறுபடி தைத்தது கோணல் மாணலாகத் தெரியும். அப்படிப்பட்ட மூட்டையை எடை போடாமல் வாங்காதீர்கள்.

நனைந்த மூட்டையைத் தனியே வைத்து, வாயைப் பிரித்துக் கையை உள்ளே விட்டுப் பாருங்கள். கட்டி தட்டியிருந்தாலோ, சூடாக இருந்தாலோ, பூஞ்சை வாடை அடித்தாலோ அதைக் கோழிக்குப் போடவே கூடாது, ஏனென்றால் அஃப்லாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு வெயிலில் உலர்த்துவதால் போய்விடாது. லாரி நிற்கும்போதே கம்பெனி சூப்பர்வைசரை அழைத்துச் சொல்லிவிட்டு, டெலிவரி சலானின் இரண்டு பிரதியிலும் குறையை எழுதி, இருவரும் கையொப்பமிட்டுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இது ஓட்டுநருக்கும் பாதுகாப்பு. எழுத்தில் இல்லாத குறையை அவர் சம்பளத்தில் பிடிக்கும் இடங்களும் உண்டு. அவரிடம் குரல் உயர்த்திப் பயனில்லை, மூட்டையை மாற்றித் தரும் அதிகாரம் அவர் கையில் இல்லை.

இரவு வரவு பற்றி: ஒரு மணி நேரம் முன்பே போன் செய்யும்படி கேளுங்கள், பதிலுக்கு நீங்கள் வெளிச்சம், குடிநீர், இறக்குக் கூலி, ஆட்கள் எல்லாவற்றையும் தயாராக வைத்திருங்கள். லாரி பின்னால் வரும்போது ஒருவர் மட்டுமே சைகை காட்ட வேண்டும், குழந்தைகள் வீட்டுக்குள் இருக்க வேண்டும். தலைக்கு மேலே போகும் மின்கம்பியைப் பகலிலேயே பார்த்து வையுங்கள். பாரம் ஏற்றிய லாரி நான்கு மீட்டர் உயரம் வரை இருக்கலாம். தார்ப்பாயை அவிழ்க்க மேலே ஏறி நிற்பவர் கையை உயர்த்தினால் ஆறு மீட்டரை எட்டும். கம்பி தொய்ந்திருந்தால் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள், சரிசெய்யும்வரை அந்த இடத்தில் லாரியை நிறுத்தவே விடாதீர்கள்.

காலிச் சாக்குகளைத் திருப்பி அனுப்புவதாக இருந்தால், உதறிக் கட்டி வேலிக்கு வெளியே வைத்து, கடைசி மூட்டை இறங்கிய பிறகே லாரியில் ஏற்றுங்கள்.