ஜெபல் ஷம்ஸில் ஒரு ராத்திரி

அன்புள்ள ஐயா,

ஆறு வருடமாக மஸ்கட்டில் இருக்கிறேன். ரூவியில் ஒரு கட்டுமானப் பொருள் நிறுவனத்தில் கணக்கு வேலை. ஓமான் மலைகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, ஒரு வெள்ளிக்கிழமை நண்பர்களோடு ஜெபல் ஷம்ஸ் போய்வந்தேன். காலையில் கிளம்பி, வழியில் டீ குடித்து, பதினொன்றரைக்கு மலை மேல் அந்தப் பெரிய பள்ளத்தாக்கின் விளிம்பில் நின்றோம். படம் எடுத்தோம். மஸ்கட்டிலிருந்து கட்டிக்கொண்டு போன பிரியாணியைக் காருக்குள் உட்கார்ந்து சாப்பிட்டோம். ஒரு மணி நேரத்தில் இறங்கிவிட்டோம். உண்மையைச் சொன்னால், நீங்கள் எழுதிய அளவுக்கு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பெரிய பள்ளம், அவ்வளவுதான்.

டிசம்பரில் அம்மா அப்பா திருநெல்வேலியிலிருந்து வருகிறார்கள். அவர்களை அங்கே கூட்டிப்போகலாமா? அப்பாவுக்கு முழங்கால் வலி. அம்மா சைவம். அந்த மலையில் ஆட்டுக்கறியும் சோறும்தானே கிடைக்கும்? அந்த ஊர்ச் சாப்பாட்டைப் பற்றி ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். கொஞ்சம் விரிவாகச் சொல்ல முடியுமா?

அன்புடன்,
மஸ்கட் வாசகர் (பெயர் வெளியிட வேண்டாம்)

*

அன்புள்ள நண்பருக்கு,

'அவ்வளவுதான்' என்று பட்டதை அப்படியே எழுதியதற்கு நன்றி. பதினொன்றரை மணிக்கு அங்கே நின்றிருந்தால் எனக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். உச்சி வெயிலில் பாறைக்கு நிழல் கிடையாது. நிழல் இல்லாவிட்டால் ஆழம் கண்ணுக்குப் பிடிபடாது. ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் இறங்கும் அந்தச் சுவர், வெளுத்த சாம்பல் நிறத்தில் தட்டையாகத் தெரியும். மாலை நான்கு மணிக்கு மேல் பாருங்கள். மேலடுக்கின் நிழல் கீழடுக்கில் விழ ஆரம்பிக்கும். பள்ளத்துக்குள் இன்னொரு பள்ளம், அதற்குள் இன்னொன்று என்று திறந்துகொண்டே போகும். ஆறு மணிக்குள் இருட்டிவிடும். அந்த ஒன்றரை மணி நேரத்துக்காகவே அங்கே ஒரு ராத்திரி தங்கலாம்.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: கட்டாயம் கூட்டிப்போங்கள், ஆனால் தங்குங்கள். விளிம்பை ஒட்டிய மேட்டுநிலத்தில் விடுதிகளும் கூடாரங்களும் இருக்கின்றன. டிசம்பர் ராத்திரியில் குளிர் பூஜ்ஜியத்தை ஒட்டி இறங்கக்கூடும். அதனால் பெரியவர்களுக்கு ஹீட்டர் உள்ள அறையாகக் கேட்டு வாங்குங்கள்.

நான் போனது 2023 ஏப்ரல் கடைசி வாரத்தில். நோன்புப் பெருநாள் முடிந்த சமயம். நிஸ்வா நகரில் வேலை பார்க்கும் நண்பர், மலையடிவாரத்து ஊரான அல் ஹம்ரா வழியாக ஓட்டிப்போனார். மலை ஏறுவதற்கு முன்னால் குல் என்ற ஊர் வருமே, அங்கே நிறுத்தினீர்களா? பள்ளத்தாக்கின் வாய் அதுதான். ஓடையின் ஒரு கரையில் இடிந்த பழைய ஊர். மலையும் அந்தக் கல் வீடுகளும் ஒரே நிறம். சற்று நேரம் உற்றுப் பார்த்த பிறகுதான் ஜன்னல்கள் தெரிந்தன. கீழே பேரீச்சை மரங்களும் பச்சை வயல்களும். மேலே போய் விளிம்பிலிருந்து குனிந்து பார்த்தபோது, பள்ளத்தின் அடியில் இருந்த ஒரு தோப்பு கொத்தமல்லிக் கட்டு அளவுக்குத்தான் தெரிந்தது. தோப்பை நினைத்துப் பார்த்த பிறகுதான் எனக்கு ஆழம் உறைத்தது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அல் கித்தைம் என்ற சிற்றூரிலிருந்து விளிம்புப் பாதையில் நடந்தோம். பால்கனி நடை என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். போக நான்கு கிலோமீட்டர் வாக்கில் இருக்கும். பாறையில் மஞ்சள், வெள்ளை, சிவப்புக் கோடுகள் தீட்டி வழி காட்டியிருக்கிறார்கள். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் வெறும் காற்று. பாதை அகலமானதுதான், ஆனால் தடுப்பு கிடையாது. பை மேல் கண் வைத்து இரண்டு ஆடுகள் எங்கள் பின்னாலேயே வந்தன. நண்பர் ஒரு பாறையைத் தொட்டுக் காட்டினார். உள்ளே சிப்பியின் அச்சு. இந்தச் சுண்ணாம்புப் பாறை முழுக்க ஒரு காலத்தில் ஆழமில்லாத கடலின் அடித்தரையாக இருந்தது. பிறகு உயர்ந்தது. எப்போதோ வரும் மழையும் அதில் புரண்டு ஓடும் வெள்ளமும் அறுத்து அறுத்து இந்தப் பள்ளம் ஆயிற்று.

வழியில் பாறுக் கழுகுகளைப் பார்த்தோம். பறவைக்கு மேலே நின்று அதன் முதுகைப் பார்ப்பது எனக்கு அதுதான் முதல் தடவை. மஞ்சள் முகம், அழுக்கு வெள்ளை உடல். உங்கள் அம்மாவுக்குத் தெரிந்திருக்கும்: திருக்கழுக்குன்றத்து மலைக்கோயிலில் உச்சி வேளைக்கு வந்து குருக்கள் கையால் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுப் போனவை இதே இனம்தான். அங்கே அவை வருவது நின்று இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. ஓமானில் இன்னும் நிறைய இருக்கின்றன. விளிம்பில் ஒரு நாற்காலி போட்டு அம்மாவை உட்கார வையுங்கள். பறவைக்காகவே அவர் அங்கிருந்து எழுந்திருக்க மாட்டார்.

பாதை முடிகிற இடத்தில், பாறை குடை மாதிரி கவிந்திருக்கும் ஒரு விளிம்பில், அஸ்ஸாப் என்ற கைவிடப்பட்ட ஊர் இருக்கிறது. கல்லை அடுக்கிக் கட்டிய அறைகள். எதிரே படிப்படியாகச் சிறு வயல்கள், ஒவ்வொன்றும் ஒரு பாய் விரிக்கும் அளவு. பாறையிலிருந்து தண்ணீர் கசிகிறது. அந்தக் கசிவுக்காகத்தான் மனிதர்கள் அங்கே போய் ஒண்டியிருக்கிறார்கள். சில பத்தாண்டுகளுக்கு முன்புவரை குடும்பங்கள் அங்கே வாழ்ந்தன. ஒரு வாசல்படியில் உட்கார்ந்து நாங்கள் பேரீச்சம்பழம் தின்றோம். இவ்வளவு உயரத்தில், இந்தத் துண்டு நிலத்தில், என்ன விளைந்திருக்கும், மற்றதை எப்படிச் சேர்த்து வைத்திருப்பார்கள் என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து சாப்பிட்ட ஒவ்வொன்றும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிற மாதிரி இருந்தது. நீங்கள் பிரியாணி கட்டிப்போனதில் எனக்கு இருக்கும் வருத்தம் அதுதான். பள்ளத்தை ஒரு மணி நேரம் பார்த்தீர்கள். அதில் மனிதர்கள் பிழைத்த விதம் சாப்பாட்டில் இருக்கிறது, அதை விட்டுவிட்டீர்கள்.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன்.

எந்த வீட்டில், எந்தக் கூடாரத்தில் நுழைந்தாலும் முதலில் பேரீச்சம்பழமும் கஹ்வாவும் வரும். கஹ்வா என்றால் பாலும் சர்க்கரையும் இல்லாத, ஏலக்காய் போட்ட இளம் கசப்புக் காபி. கைப்பிடி இல்லாத சின்னக் கிண்ணத்தில், பாதிக்கும் குறைவாக ஊற்றுவார்கள். பழத்தை மென்றுகொண்டே குடிக்க வேண்டும். அப்போது கசப்பும் தித்திப்பும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். வலது கையால் வாங்குங்கள். போதும் என்றால் கிண்ணத்தை லேசாக இப்படியும் அப்படியும் ஆட்டிவிட்டுக் கொடுக்க வேண்டும். ஆட்டாவிட்டால் மறுபடி ஊற்றுவார்கள். எங்களுக்கு விருந்தளித்த ஆடு மேய்க்கும் குடும்பத்துப் பெரியவர் மூன்றாவது கிண்ணத்தில் என் கையைப் பிடித்து ஆட்டிக் காட்டித்தான் இதைக் கற்றுக்கொடுத்தார்.

அப்புறம் ரொட்டி. ரக்கால் என்று பெயர். மாவு உருண்டையைக் கையில் எடுத்து, சூடான இரும்புத் தட்டின் மேல் வட்டமாகத் தேய்த்து, உருண்டையைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். தட்டில் ஒட்டிய மெல்லிய படலம் மட்டும் வேகும். புளிக்காத மாவு, எண்ணெய் கிடையாது. காகிதம் மாதிரி மொறுமொறுவென்று உரிந்து வரும். அதன் மேல் நெய்யும் தேனும் விட்டுக் கொடுத்தார்கள். ஓமானின் மலைத் தேனைப் பற்றித் தனியாகவே எழுதலாம். சும்ர் என்ற முள்மரத்தின் பூவிலிருந்து எடுத்த தேன் கருத்து, தொண்டையில் லேசான காரம் நிற்கும். சித்ர், அதாவது நம் இலந்தை இனத்து மரத்தின் தேன் வேறு மணம். விலை அதிகம்தான். ஒரு சின்னப் புட்டி வாங்குங்கள்.

ஷுவாவைச் சொல்லாமல் இந்த மலையின் சாப்பாட்டைச் சொல்ல முடியாது. நீங்களும் அப்பாவும் சாப்பிடுவீர்கள் என்று நினைத்துச் சொல்கிறேன். ஆட்டுக்கறியில் பூண்டு, மிளகாய், சீரகம், மல்லி, ஏலம், கிராம்பு, பட்டை எல்லாவற்றையும் வினிகரோடு அரைத்துப் பூசி ஊறவைத்து, காய்ந்த வாழை இலையில் சுற்றி, ஓலைப் பையில் வைத்துத் தைத்துவிடுவார்கள். ஊருக்குப் பொதுவாக ஓர் ஆழமான குழியடுப்பு. அதில் விறகு எரிந்து தணலானதும் எல்லா வீட்டுப் பைகளையும் ஒரே நேரத்தில் உள்ளே போட்டு, மூடி, மண் பூசி அடைப்பார்கள். எந்தப் பை யாருடையது என்று தெரிய ஒவ்வொன்றிலும் ஓர் அடையாளம். ஒரு நாள், சில ஊர்களில் இரண்டு நாள் கழித்துத் திறப்பார்கள். ஒரு விரிசல் வழியாகக் காற்று நுழைந்தாலும் கறி கருகிவிடும். அதனால் மண் பூசும்போது ஊரே சுற்றி நின்று புகை கசிகிறதா என்று பார்க்குமாம். விறகு அரிதான நாட்டில் ஒரே தீயில் ஓர் ஊருக்கே சமைக்க இதைவிட நல்ல வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நான் சாப்பிட்டது அல் ஹம்ராவில், ஒரு வீட்டில், தரையில் விரித்த பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து. எலும்பைத் தொட்டதும் கறி தானாகக் கழன்றது. புகை மணமும் அந்தக் காய்ந்த இலையின் மணமும் கையில் ராத்திரி வரை இருந்தது. ஆனால் இது பெருநாள் சாப்பாடு. டிசம்பரில் வீடுகளில் கிடைக்காது. நிஸ்வாவில் ஓமானி உணவகங்களில் கேட்டுப் பாருங்கள். கறித்துண்டுகளைக் கம்பியில் குத்திச் சாலையோரத்தில் தணலில் வாட்டும் மிஷ்காக் சாயங்காலங்களில் கிடைக்கும்.

இனி அம்மாவுக்கு. பயப்பட வேண்டாம். ரக்கால், தேன், பேரீச்சை, மோர் மாதிரியான லபன், பருப்பு சூப், பழங்கள் எல்லாம் உண்டு. ஆனால் ஒன்றில் கவனமாக இருங்கள். ஹரீஸ் என்று ஒன்று வரும். பார்க்க அச்சு அசலாகக் கோதுமைப் பொங்கல், மேலே நெய் வேறு மிதக்கும். அதில் கறியைக் கோதுமையோடு கரைந்துபோகும்வரை அடித்திருப்பார்கள். கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. அரிசியைக் குழைத்துச் செய்யும் அர்சியாவும் அப்படித்தான். 'பிதூன் லஹம்' என்றால் கறி இல்லாமல் என்று அர்த்தம். ஆனால் அவர்கள் பேச்சில் லஹம் என்பதில் கோழியும் மீனும் சேராது. ஆகவே 'பிதூன் தஜாஜ், பிதூன் சமக்' என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். சூப் கறித்தண்ணீரில் வைத்ததா என்றும் கேட்டுவிடுங்கள். முதல் நாளே விடுதிக்குச் சொல்லிவிட்டால் தனியாகச் செய்து தருவார்கள்.

இறங்கும் வழியில் அல் ஹம்ராவின் பழைய மண் வீடுகளுக்கு நடுவில் பைத் அல் ஸஃபா என்ற வீட்டுக்குப் போங்கள். பழைய வாழ்க்கையை அப்படியே செய்து காட்டும் இடம் அது. ரக்கால் சுடுவதையும் காபிக்கொட்டை வறுத்து இடிப்பதையும் அங்கே பார்க்கலாம். ஒரு மூலையில் ஒரு பெண்மணி கல்லில் ஏதோ விதையை அரைத்து எண்ணெய் எடுத்துக்கொண்டிருந்தார். என்ன மரம் என்று கேட்டு, காயைப் பார்த்ததும் திகைத்துப்போனேன். முருங்கை! நம் முருங்கையின் தம்பி, அரபு மலைகளில் தானாக வளரும் இனம். நாம் காயையும் கீரையையும் தின்கிறோம். அவர்கள் விதையின் எண்ணெயைத் தலைக்கும் உடம்புக்கும் மருந்துக்கும் வைத்துக்கொள்கிறார்கள். என் முன்கையில் ஒரு சொட்டு தேய்த்துவிட்டார். அம்மாவுக்கும் தேய்த்துவிடச் சொல்லுங்கள்.

பக்கத்திலேயே மிஸ்ஃபாத் என்ற ஊர் இருக்கிறது. ஃபலஜ் என்ற வாய்க்கால் வாழைக்கும் பேரீச்சைக்கும் நடுவே ஓடுவதைப் பார்க்கலாம். படிகள் அதிகம், அப்பாவுக்கு வேண்டாம். விளிம்புப் பாதையையும் நீங்கள் மட்டும் அதிகாலையில் போய்வாருங்கள். பெரியவர்களுக்குத் தடுப்புக் கம்பி உள்ள பார்வையிடமே போதும். அங்கே சிறுவர்கள் ஆட்டு மயிரில் பின்னிய சாவிக்கொத்துகள் விற்பார்கள். இரண்டு வாங்குங்கள். நான் போனபோது சாலையின் மேல்பகுதி குலுக்கியது, அப்பாவை முன் இருக்கையில் உட்கார வையுங்கள்.

கடைசியாக, நிஸ்வா சந்தையில் அல்வா வாங்காமல் மஸ்கட் திரும்பாதீர்கள். பெரிய செப்புப் பாத்திரத்தில் மாவுச்சத்து, சர்க்கரை, நெய், குங்குமப்பூ, ஏலக்காய், பன்னீர் சேர்த்து மணிக்கணக்கில் கிண்டுகிறார்கள். பன்னீருக்கான ரோஜா அடுத்த மலையான ஜெபல் அக்தரில் பூக்கிறது. சூடாக இருக்கும்போதே கடைக்காரர் ருசி பார்க்கக் கொடுப்பார். நெல்லைக்காரரான அப்பா வாயில் போட்டுக்கொண்டு என்ன சொன்னார் என்பதை எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்.