ரோகுவுக்கு ஆட்டுச் சுரப்பி ஆகுமா?

கேள்வி: காரைக்குடிச் சந்தையில் ரோகு தலைகளை வாங்கி, மூளைக்கடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியை எடுத்து, மருந்துக்கடை ஸ்பிரிட்டில் போட்டு வைத்தோம். ஒரு வாரம் கழித்துச் சினைமீனுக்கு ஊசி போட்டும் முட்டையிடவில்லை. அடுத்த முறை ஆட்டுத்தலையிலிருந்து எடுக்கலாமா?
– வாசகர், கானாடுகாத்தான்

பதில்: வீரியம் ஸ்பிரிட்டிலேயே போயிருக்கும். அதில் தண்ணீர் உண்டு. முட்டையை வெளியேற்ற வைக்கும் பிட்யூட்டரி ஹார்மோனான கொனடோட்ரோபின் நீரில் கரைகிற புரதம். நீர் கலவாத ஆல்கஹாலில்தான் சுரப்பியைப் போட வேண்டும். 24 மணி நேரம் கழித்து ஆல்கஹாலை மாற்றி, இறுக மூடி, குளிர்பெட்டியில் வையுங்கள்.

எடுக்கும்போது மண்டையோட்டின் மேல்பகுதியைச் சீவி, கொழுப்பைப் பஞ்சால் ஒற்றி, மூளையை மெல்லத் தூக்குங்கள். அடியில், மெல்லிய சவ்வுக்குள் கடுகுபோல வெளிறிய உருண்டை. ஊசிமுனையால் சவ்வைக் கிழித்து, நசுக்காமல் எடுங்கள். சினை முற்றிய மீனின் சுரப்பியே உதவும். முட்டையிட்டு ஓய்ந்ததில் சரக்கு இருக்காது.

மூன்று கிலோ பெண் மீனுக்குக் கிலோவுக்கு 2 மி.கி. சுரப்பி வீதம் முதலில் 6 மி.கி.; ஆறு மணி நேரம் கழித்து 6 மி.கி. வீதம் 18 மி.கி. ஆண் மீன் இரண்டுக்கும், பெண்ணின் இரண்டாம் ஊசியின்போது கிலோவுக்கு 2 மி.கி. ஒரே தடவை. காய்ச்சி வடித்த நீரில் அரைத்து, தெளிவை மட்டும் வால்பக்கச் சதையில் செதிலுக்கடியில் போடுங்கள். 1957-இல் மீனியல் அறிஞர் ஹிராலால் சவுத்ரி நம் கெண்டைகளில் வெற்றி கண்டது இந்த வழியில்தான்.

ஆட்டுச் சுரப்பி வேண்டாம். ஆட்டிலும் மீனிலும் கொனடோட்ரோபின் இரண்டு துண்டுகள் சேர்ந்ததே. ஆனால் அடையாளம் காட்டும் பீட்டா துண்டு, கோடிக்கணக்கான ஆண்டுகளில் வெகுவாக மாறிவிட்டது. ரோகுவின் சினைப்பையில் ஹார்மோனைப் பிடிக்கும் ஏற்பி அதைச் சரியாகப் பிடிப்பதில்லை. ரோகுவுக்கு ரோகு, இல்லையென்றால் கட்லா, மிர்கால்.

கேள்வி: பால் சுரக்காத மீனுக்கு, பால் சுரக்கவைக்கும் பிட்யூட்டரி ஹார்மோனான புரோலாக்டின் எதற்கு?
– மாணவி, தேவகோட்டை

பதில்: உப்பைக் காக்க. கண்மாய்த் தண்ணீரைவிட மீனின் உடலில் உப்பு அதிகம். செவுள் வழியே அது கசிந்துகொண்டே இருக்கும். புரோலாக்டின் கசிவைக் குறைக்கிறது. பிட்யூட்டரி அகற்றிய கில்லிமீன்கள் என்ற சிறு மீன்கள் நன்னீரில் செத்தன. புரோலாக்டின் ஊசி போட்டவை பிழைத்தன என்று 1959-இல் ஆய்வாளர்கள் பிக்ஃபோர்டும் பிலிப்ஸும் காட்டினார்கள். போட்டது பாலூட்டியின் புரோலாக்டின். ஆட்டுச் சரக்கு மீனுக்கு ஆகவே ஆகாது என்று மேலே சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஹார்மோனுக்கு ஹார்மோன் கதை வேறு.