தறி வீட்டுப் பிள்ளை

கேள்வி: அமெரிக்க எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகியும் எங்களைப் போன்ற நெசவுக் குடும்பத்தவர்தாம் என்கிறார்களே, உண்மையா?
– விசைத்தறி நெசவாளர், நகரி, ஆந்திரம்.

பதில்: உண்மைதான். விசைத்தறி வந்து அவருடைய தந்தையின் கைத்தறி நொடித்ததால்தான் (உங்களிடம் இதைச் சொல்லச் சற்றுக் கூச்சமாக இருக்கிறது) 1848-இல் குடும்பமே ஸ்காட்லாந்தை விட்டு அமெரிக்கா சென்றது. அங்கே பருத்தி ஆலையொன்றில், நீங்கள் சிறுவயதில் தறிக்குத் தார் (நூல் சுற்றிய சிறு குழல்) எடுத்துக் கொடுத்திருப்பீர்களே, அதையொத்த நூல்கட்டை மாற்றும் வேலையை வாரம் 1 டாலர் 20 சென்ட் கூலிக்குச் செய்தார். கர்னல் ஆண்டர்சன் என்பவர் உழைக்கும் சிறுவர்களுக்குச் சனிக்கிழமைதோறும் தம் சொந்தப் புத்தகங்களை இரவல் தந்த நன்றியே, பின்னாளில் கார்னகி 2,509 நூலகங்களுக்குப் பணம் கொடுத்ததற்கு வித்து. ஆனால் 1892-இல் அவரது ஹோம்ஸ்டெட் எஃகு ஆலையில், கூலிக் குறைப்பை எதிர்த்த தொழிலாளர்களுக்கும் நிர்வாகம் வரவழைத்த தனியார் காவலர்களுக்கும் நடந்த மோதலில் இரு தரப்பிலும் உயிர்கள் போயின. முதலாளி அப்போது ஸ்காட்லாந்தில் கோடையைக் கழித்துக்கொண்டிருந்தார்.