அமெரிக்கா பேரரசா? போகச் சொன்னால் போவார்களா? – கேள்வி பதில்

கே: சார், சுற்றிவளைக்காமல் சொல்லுங்கள். அமெரிக்கா பேரரசா, இல்லையா?

ப: ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னால் அது வசவாகவோ புகழாகவோ போய்விடும். இடம் இடமாக எடுத்துக்கொண்டு, "கிளம்புங்கள் என்று அந்த ஊர்க்காரர் சொன்னால் இவர்கள் கிளம்பியாக வேண்டுமா?" என்று கேட்டுப் பாருங்கள். பிலிப்பைன்ஸ் செனட் 1991 செப்டம்பர் 16 அன்று அமெரிக்கப் படைத்தள ஒப்பந்த நீட்டிப்பை 12-11 என்ற கணக்கில் நிராகரித்தது. மறு ஆண்டு நவம்பருக்குள் சூபிக் விரிகுடா கடற்படைத் தளம் காலி. கியூபா கதை வேறு. அங்குள்ள குவாண்டானாமோ தளம் 1903-ல் அமெரிக்காவுக்குக் குத்தகைக்குப் போனது. 1934 ஒப்பந்தப்படி இரு தரப்பும் சம்மதித்தால், அல்லது அமெரிக்காவே விட்டுப் போனால்தான் குத்தகை முடியும். ஆண்டு வாடகை 4,085 டாலருக்கான செக் வந்துகொண்டே இருக்கிறது. புரட்சி நடந்த புதிதில் ஒன்றை மாற்றியதோடு சரி, பிறகு கியூபா எதையும் மாற்றவில்லை. தளம் அங்கேயேதான் இருக்கிறது. மூன்றாவது, கரீபியன் தீவான போர்ட்டோ ரிக்கோ. 1917 முதல் அங்குள்ளவர்கள் அமெரிக்கக் குடிமக்கள். ஆனால் தீவில் வசிக்கும்வரை அதிபர் தேர்தலில் ஓட்டு கிடையாது, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் அவர்களுடைய பிரதிநிதிக்குச் சபையின் இறுதி வாக்கெடுப்பில் வாக்கு கிடையாது. ஒரே நாடுதான், உறவு மூன்று விதம். மூன்றுக்கும் ஒரே பெயர் வைத்தால் விவாதம் அங்கேயே கெட்டுப்போகும்.

கே: பிரிட்டனை எதிர்த்துப் பிறந்த நாடு எப்போது காலனி பிடிக்க ஆரம்பித்தது?

ப: பாடப்புத்தகங்கள் 1898 என்கும். நான் அதைப் பாதிதான் ஏற்பேன். ஐம்பது ஆண்டு முன்பே, 1848-ல், போரில் தோற்ற மெக்சிகோவிடம் 1.5 கோடி டாலருக்குப் பெருநிலத்தை எழுதி வாங்கியாயிற்று. டெக்சாஸையும் சேர்த்தால் மெக்சிகோ இழந்தது ஏறக்குறைய பாதி நாடு. பூர்வகுடிகளின் நிலம் பறிபோனது அதற்கும் முந்தியது.

1898-ல் புதிதாக நடந்தது என்னவென்றால், அதுவரை சேர்த்த நிலம் பெரும்பாலும் பின்னால் மாநிலமாகும் என்ற ஏற்பாட்டில் வந்தது. ஸ்பெயினைப் போரில் வென்று பெற்ற பிலிப்பைன்ஸ், குவாம், போர்ட்டோ ரிக்கோவுக்கு அந்த உறுதி தரப்படவில்லை. பிலிப்பைன்ஸுக்காக ஸ்பெயினுக்குக் கொடுத்தது 2 கோடி டாலர். அந்த உடன்படிக்கை செனட்டில் 57-27 என நிறைவேறியது. மூன்றில் இரண்டு பங்குக்குத் தேவையான 56-ஐவிட ஒரே ஒரு வாக்கு கூடுதல். அந்த வாக்கெடுப்புக்கு இரண்டு நாள் முன்பே மணிலாவில் பிலிப்பினோக்களுடன் சண்டை தொடங்கிவிட்டது. 1902 வரை நீடித்த அந்தப் போரில் 4,200 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். பசியாலும் காலராவாலும் இறந்தவர்களையும் சேர்த்துப் பிலிப்பினோ பொதுமக்கள் சாவு 2 லட்சம் என்பது பரவலான மதிப்பீடு.

கொடி பறக்கும் இடமெல்லாம் அரசியல் சட்டமும் போகுமா என்பது அன்றைய பெரிய சண்டை. 1901-ல் அது உச்ச நீதிமன்றத்துக்கு வந்ததே ஆரஞ்சுப் பழத்தால்தான்: போர்ட்டோ ரிக்கோவிலிருந்து நியூயார்க் வந்த ஆரஞ்சுக்குச் சுங்கவரி உண்டா? உண்டு என்று 5-4 தீர்ப்பு. வெளிநாட்டுப் பார்வைக்கு அந்தத் தீவு அமெரிக்காவுடையது, உள்நாட்டுக் கணக்கில் அந்நியம் என்பது அதில் ஒரு நீதிபதியின் விளக்கம். அந்த வரிசைத் தீர்ப்புகள் இன்றும் முழுதாக ரத்தாகவில்லை.

இந்தக் காலகட்டத்தைப் பேசுகிறவர்கள் ஒன்றைத் தவறவிடுகிறார்கள். அன்று பேரரசை எதிர்த்தவர்கள் எல்லோரும் மனிதாபிமானிகள் அல்லர். எழுத்தாளர் மார்க் ட்வைன் ஒருபக்கம் கொடுமையைக் கண்டித்தார். இன்னொரு பக்கம் தென்மாநில செனட்டர்கள் பலர், வெள்ளையரல்லாதவர்கள் நம் நாட்டுக்குள் வந்துவிடுவார்களே என்பதற்காகவே எதிர்த்தார்கள்.

கே: போர் அறிவிக்கும் அதிகாரம் காங்கிரஸுக்குத்தானே? அதிபர் எப்படி நினைத்த நேரம் குண்டு போடுகிறார்?

ப: அரசியல் சட்டத்தின் முதல் பிரிவு போர் அறிவிக்கும் அதிகாரத்தைக் காங்கிரஸுக்குத் தருகிறது, இரண்டாம் பிரிவு படைத்தலைமையை அதிபருக்குத் தருகிறது. முறைப்படியான கடைசிப் போர் அறிவிப்பு 1942 ஜூனில். பல்கேரியா, ஹங்கேரி, ருமேனியா மீது. கொரியா, வியட்நாம், ஈராக், ஆப்கானிஸ்தான் எதற்கும் அறிவிப்பு இல்லை. கொரியாவுக்கு ட்ரூமன் காங்கிரஸிடம் அனுமதியே கேட்கவில்லை, ஐ.நா. தீர்மானத்தைக் காட்டினார்.

மற்றவை "அனுமதித் தீர்மானம்" என்ற வழியில் நடந்தன. வியட்நாம் போருக்கான 1964 டோங்கின் வளைகுடாத் தீர்மானம் கீழவையில் 416-0, செனட்டில் 88-2. செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் 2001 செப்டம்பரில் நிறைவேறிய தீர்மானத்தின் மையப் பகுதி ஆங்கிலத்தில் 60 சொற்கள்தான். கீழவையில் எதிர்த்து வாக்களித்தவர் பார்பரா லீ ஒருவர் மட்டும். அதில் நாட்டின் பெயர் இல்லை, காலக்கெடு இல்லை. "கூட்டுச் சேர்ந்த படைகள்" என்ற தொடர்கூட இல்லை. அதைப் பின்னால் அரசு வழக்கறிஞர்கள் விளக்கமாகச் சேர்த்தார்கள். 2001-ல் பிறந்தேயிராத ஐ.எஸ். அமைப்பின் மீது 2014-ல் நடந்த தாக்குதலுக்கும் அந்த 60 சொற்களைத்தான் காட்டினார்கள். இப்படியொரு தீர்மானத்தைப் படிக்கும்போது எந்த எதிரி, எந்த இடம், எந்தத் தேதிவரை என்ற மூன்றையும் தேடுங்கள். எது எழுதப்படவில்லையோ அந்த வழியாகத்தான் போர் விரியும்.

கே: 60 நாளில் படையைத் திரும்ப அழைக்கச் சொல்லும் சட்டம் இருக்கிறதே?

ப: இருக்கிறது, 1973 போர் அதிகாரத் தீர்மானம். நிக்சனின் வீட்டோவை மீறி நிறைவேறியது. சண்டையில் படை இறங்கிய 48 மணி நேரத்துக்குள் அறிக்கை; காங்கிரஸ் அனுமதி தராவிட்டால் 60 நாளில் நிறுத்தம்; பத்திரமாக விலக மேலும் 30 நாள்.

ஓட்டை எங்கே என்றால், 60 நாள் கடிகாரம் 4(ஏ)(1) என்ற உட்பிரிவின்படி அறிக்கை தர வேண்டிய நிலையில்தான் ஓடத் தொடங்கும். அதிபர்கள் அந்த உட்பிரிவைக் குறிப்பிடாமல், "தீர்மானத்துக்கு இசைவாக" என்று மட்டும் எழுதி அனுப்புவார்கள். உட்பிரிவைச் சொல்லி எழுதியவர் ஃபோர்டு ஒருவர்தான், 1975 மயாகெஸ் கப்பல் விவகாரத்தில். அதுவும் அறிக்கை போகும்போதே சண்டை முடிந்திருந்தது. 1999 கொசோவோ குண்டுவீச்சு 78 நாள் நடந்தது. பணம் ஒதுக்கியதே அனுமதிதான் என்றது கிளின்டன் அரசு. நிதி ஒதுக்கீட்டை அனுமதியாகக் கொள்ளக்கூடாது என்று அதே சட்டத்தில் எழுதியிருக்கிறது! 2011 லிபியாவில் ஒபாமா அரசு, தரைப்படை இல்லை, நம் வீரர்களுக்கு ஆபத்து குறைவு, எனவே இது சட்டம் சொல்லும் "சண்டை"யே அல்ல என்று வாதிட்டது.

அடுத்த ஓட்டை நீதிமன்றம் போட்டது. காங்கிரஸ் மட்டும் தீர்மானம் போட்டுப் படையைத் திரும்ப அழைக்கலாம் என்று சட்டத்தில் இருந்தது. 1983-ல் வேறொரு வழக்கின் தீர்ப்பு அந்த வகைத் தீர்மானங்களைச் செல்லாததாக்கியது. இப்போது அதிபரின் கையெழுத்துக்குப் போகும் தீர்மானம்தான் வழி, அவர் வீட்டோ போட்டால் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 2019-ல் ஏமன் போரில் உதவியை நிறுத்தும் தீர்மானம் செனட்டில் 54-46 என வென்றது, கீழவையிலும் வென்றது. ட்ரம்ப் வீட்டோ போட்டார். மீறும் முயற்சிக்குக் கிடைத்தது 53 வாக்கு. போரைத் தொடங்கப் பெரும்பான்மை வேண்டும் என்று எழுதிய சட்டம், நிறுத்த மூன்றில் இரண்டு வேண்டும் என்ற நிலையில் வந்து நிற்கிறது.

கே: ஈராக் போர் எண்ணெய்க்காக நடந்ததுதானே? இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

ப: நிறையவே இருக்கிறது. 2009 ஜூனில் பாக்தாத்தில் நடந்த ஏலத்தைப் பாருங்கள். மிகப்பெரிய வயலான ருமைலாவை பிரிட்டனின் பி.பி.யும் சீனாவின் சி.என்.பி.சி.யும் சேர்ந்து எடுத்தன, கூடுதலாக எடுக்கும் பீப்பாய்க்கு 2 டாலர் கூலிக்கு. ஆண்டு இறுதியில் மேற்கு குர்னா இரண்டாம் பகுதி ரஷ்யாவின் லுக்ஆயிலுக்குப் போனது. எக்ஸான் முதல் பகுதியில் பங்கு பெற்றது, பின்னாளில் வெளியேறியது. கம்பெனிக்கு எண்ணெய் வாங்கித் தருவதற்கான போர் என்றால் இது மோசமான வியாபாரம்.

எண்ணெய்க்குச் சம்பந்தமே இல்லை என்பதும் சரியல்ல. பாரசீக வளைகுடாவை வெளியிலிருந்து யார் கட்டுப்படுத்த முயன்றாலும் படைபலத்தால் தடுப்போம் என்று 1980 ஜனவரியில் கார்ட்டர் அறிவித்ததிலிருந்துதான் அங்கே அமெரிக்கப் படைக்கட்டமைப்பு வளர்ந்தது. எண்ணெய் அவர்களை அந்தப் பகுதிக்குக் கொண்டுவந்தது. 2003 மார்ச்சில் படையெடுக்க வைத்தது செப்டம்பர் 11-க்குப் பிந்தைய அச்சமும், ஒரு ஆட்சியைக் கவிழ்த்தால் பகுதியே மாறும் என்ற நம்பிக்கையும். அமெரிக்காவின் தேசநலனையே அளவுகோலாகக் கொண்ட 33 சர்வதேச உறவு அறிஞர்கள் 2002 செப்டம்பரிலேயே நியூயார்க் டைம்ஸில் விளம்பரம் கொடுத்து இந்தப் போர் வேண்டாம் என்றார்கள். எதிர்த்தவர்கள் எல்லாம் இடதுசாரிகள் என்று சொல்கிறவர்களிடம் இதை எடுத்துப் போடுங்கள்.

கே: ஈராக்கில் எல்லாம் எப்போது கைமீறிப் போனது?

ப: 2003 மே மாதம். 16-ஆம் தேதி அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகத்தின் முதல் ஆணை, சதாம் உசேனின் பாத் கட்சியின் மேல்மட்டத்தவரை அரசு வேலையிலிருந்து நீக்கியது. 23-ஆம் தேதி இரண்டாம் ஆணை, ராணுவத்தைக் கலைத்தது. மருத்துவமனையும் மின்வாரியமும் நடத்தத் தெரிந்தவர்கள் வீட்டுக்குப் போனார்கள். ஆயுதப் பயிற்சி பெற்ற லட்சக்கணக்கானவர்கள் சம்பளமில்லாமல் தெருவுக்கு வந்தார்கள்.

கே: ஆப்கன் படை ஏன் அவ்வளவு சீக்கிரம் சரிந்தது?

ப: பல காரணங்கள், குறைவாகப் பேசப்படுவது பழுதுபார்ப்பு. ரஷ்யத் தயாரிப்பான எம்ஐ-17 ஹெலிகாப்டர்களின் பராமரிப்பில் பெரும்பகுதியை ஆப்கானியரே செய்யப் பழகியிருந்தார்கள். அதை எடுத்துவிட்டு அமெரிக்காவின் பிளாக் ஹாக் ஹெலிகாப்டர் கொடுத்தார்கள். அதற்கு முழுக்க வெளிநாட்டு ஒப்பந்த மெக்கானிக்குகள் தேவை. தாலிபானுடன் செய்த 2020 பிப்ரவரி தோஹா உடன்பாட்டின்படி ஒப்பந்தப் பணியாளர்களும் வெளியேற வேண்டும். அவர்கள் போனதும் விமானப்படை முடங்கத் தொடங்கியது. மலைச் சாவடிகளுக்கு உணவும் தோட்டாவும் வான்வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தன.

கே: நமக்குப் பக்கத்தில் இருக்கும் டியகோ கார்சியா யாருடையது?

ப: 1965-ல் பிரிட்டன், டியகோ கார்சியா அடங்கிய சாகோஸ் தீவுகளை மொரீஷியஸிலிருந்து வெட்டியெடுத்தது. 1966 டிசம்பரில் அமெரிக்காவுக்கு 50 ஆண்டுக்குக் கொடுத்தது, பிறகு 2036 வரை நீட்டிப்பு. வாடகை இல்லை, பிரிட்டன் அமெரிக்காவிடம் வாங்கிய போலாரிஸ் ஏவுகணை விலையில் 1.4 கோடி டாலர் ரகசியத் தள்ளுபடி. 1968 முதல் 1973 வரை தீவுவாசிகள் 1,500 பேருக்கு மேல் வெளியேற்றப்பட்டார்கள். போகச் சொல்ல ஆளே இல்லாத தளம் வேண்டும் என்பதே ஏற்பாடு.

2019-ல் சர்வதேச நீதிமன்றம் 13-1 என்ற கணக்கில், பிரித்தது சட்டத்துக்குப் புறம்பு என்று ஆலோசனைக் கருத்து சொன்னது. 2025 மே 22 அன்று கையெழுத்தான ஒப்பந்தம் இறையாண்மையை மொரீஷியஸுக்கும், தளத்தை 99 ஆண்டுக் குத்தகையில் பிரிட்டனுக்கும் தருவதாக எழுதப்பட்டது.

2021 அக்டோபரில் அங்கே கரைசேர்ந்த ஈழத்தமிழ் அகதிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேலியிட்ட முகாமில் மூன்றாண்டு இருந்தார்கள். அது சட்டவிரோதத் தடுப்பு என்று 2024 டிசம்பரில், சாகோஸை ஆளும் பிரிட்டிஷ் ஆட்புலத்தின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு முன் ஜூலையில் நடக்கவிருந்த விசாரணை, தளத்துக்குள் வர அமெரிக்கா அனுமதி மறுத்ததால் தள்ளிப்போனது. பிரிட்டிஷ் மண், பிரிட்டிஷ் நீதிபதி. வாசலில் நிற்பது வேறு ஆள்.

கே: 1971-ல் அமெரிக்காவின் எண்டர்பிரைஸ் விமானந்தாங்கிக் கப்பல் வங்கக் கடலுக்கு வந்தது இந்தியா-பாகிஸ்தான் போரை மாற்றியதா?

ப: இல்லை. டிசம்பர் 16 அன்று டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. ஆனால் தில்லியில் அந்த நினைவு பல பத்தாண்டுகள் கொள்கையாகவே வாழ்ந்தது.

கே: ஈரானுக்கும் இந்தியாவுக்கும் இடையிலான வியாபாரத்தில் அமெரிக்கச் சட்டம் எப்படி நுழைகிறது?

ப: டாலர் வழியாக. மும்பையிலிருந்து துபாய்க்கு டாலர் அனுப்பினாலும் கணக்கு பெரும்பாலும் நியூயார்க்கில் உள்ள ஏதோ ஒரு வங்கியில் பற்று வரவாகும். அந்த வங்கி அமெரிக்கச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது, தடைப்பட்டியலில் பெயர் இருந்தால் பணத்தை முடக்கும். பெயரை மட்டும் தேடி நிம்மதி அடையாதீர்கள்; பட்டியலில் உள்ளவர்கள் 50 சதவீதமோ அதற்கு மேலோ வைத்திருக்கும் நிறுவனமும் தானாகவே தடைக்குள் வரும். ஏற்றுமதியாளர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது.

டாலரையே தொடாமல் வியாபாரம் செய்தால்? அங்கேதான் இரண்டாம்நிலைத் தடை வருகிறது: ஈரானோடு வியாபாரம் செய்யும் வங்கிக்கு நியூயார்க் கதவை மூடிவிடுவோம் என்ற மிரட்டல். 2012-ல் இந்தியா எண்ணெய் விலையில் 45 சதவீதத்தை யூகோ வங்கியில் ரூபாயாகச் செலுத்தி சமாளித்தது. அந்த வங்கிக்கு அமெரிக்காவில் இழக்க அதிகம் இல்லை என்பதே தேர்வுக்குக் காரணம். 2019 மே மாதம் அமெரிக்கா தந்திருந்த விலக்கு முடிந்ததும் இந்தியா ஈரான் எண்ணெயை நிறுத்தியது. ஒரு குண்டு விழவில்லை, ஒரு சிப்பாய் வரவில்லை.

கே: இவ்வளவு செலவு செய்தால் பேரரசு திவாலாகாதா?

ப: ஸ்டாக்ஹோம் அமைதி ஆய்வு நிறுவனக் கணக்கில் 2024 ராணுவச் செலவு 99,700 கோடி டாலர், உலகச் செலவில் 37 சதவீதம். பயமுறுத்தும் எண்தான், ஆனால் நாட்டின் உற்பத்தியில் 3.4 சதவீதம், வியட்நாம் காலத்தில் 9 சதவீதத்தை ஒட்டி இருந்தது. திவாலைவிட, வலி தெரியாமல் போவதே எனக்குப் பெரிய சிக்கலாகப் படுகிறது. கொரியப் போருக்கு வரியை ஏற்றினார்கள், 1968-ல் வருமான வரிமீது 10 சதவீதக் கூடுதல் வரி போட்டார்கள். 2001-லும் 2003-லும் வரியைக் குறைத்துவிட்டுக் கடனில் போர் நடத்தினார்கள். கட்டாய ராணுவச் சேர்ப்பும் 1973-லேயே முடிந்துவிட்டது. வரியும் ஏறாது, பிள்ளையும் போகமாட்டான் என்றால் வாக்காளர் எதற்குத் தொகுதி உறுப்பினரைக் கூப்பிட்டுச் சத்தம் போடுவார்?

கே: ஜப்பானில் தளம் இருப்பது ஜப்பான் விருப்பத்தோடுதானே? அதையும் பேரரசு என்பீர்களா?

ப: யாருடைய விருப்பம் என்று கேட்க வேண்டும். டோக்கியோ அரசு வேண்டும் என்கிறது, செலவிலும் பங்கு தருகிறது. ஜப்பான் நிலப்பரப்பில் 0.6 சதவீதமே உள்ள ஒகினாவாவில்தான் அமெரிக்கப் படைக்கென்றே ஒதுக்கிய தளப்பரப்பில் 70 சதவீதம் கிடக்கிறது. ஹெனோகோவில் கடலை நிரப்பிப் புதுத் தளம் கட்டுவது பற்றி 2019 பிப்ரவரியில் ஒகினாவாவில் வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்களில் 72 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். அந்த வாக்கெடுப்பு டோக்கியோவைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது. மறுநாளும் லாரிகள் மண் கொட்டின.