ஜெர்சி சிட்டி லிபர்ட்டி ஸ்டேட் பார்க்கில் இருக்கும் பழைய ரயில் நிலையத்தைப் பார்க்க அரை நாள் போதுமா? எப்படிப் போவது?

நிலையத்தையும் கரையோர நடைபாதையையும் மட்டும் பார்க்க அரை நாள் தாராளம். அங்கிருந்தே படகேறி எல்லிஸ் தீவுக்கும் சுதந்திர தேவி சிலைக்கும் போவதென்றால் முழு நாளை ஒதுக்கிவிடுங்கள்.

பலரும் தவறுவது வழியில்தான். பூங்கா 1,200 ஏக்கருக்கு மேல். மேப்பில் பூங்காவின் பெயரை மட்டும் போட்டால் தெற்கே இருக்கும் அலுவலகத்தில் கொண்டுபோய் விடலாம். நிலையம் இருப்பது வடக்கு முனையில். '1 ஆட்ரி ஜாப் டிரைவ்' (1 Audrey Zapp Drive) என்று போடுங்கள். லைட் ரெயிலில் வந்தால் பூங்காவின் பெயரிலேயே நிறுத்தம் உண்டு, ஆனால் அங்கிருந்து நிலையத்துக்கு அரைமணி நேர நடை. காகித டிக்கெட்டை ஏறுமுன் நடைமேடையில் உள்ள பெட்டியில் செருகி நேரமுத்திரை குத்துங்கள். முத்திரை இல்லாவிட்டால் டிக்கெட் இருந்தும் அபராதம் விழும்.

கட்டடம் 1889-இல் எழுந்தது. அந்தக் காலத்தில் ரயில் ஹட்சன் ஆற்றங்கரையோடு நின்றுவிடும். எதிர்க்கரையில் நியூயார்க்கின் மன்ஹாட்டனுக்குப் போகிறவர்கள் இங்கே படகுக்கு மாறுவார்கள். எல்லிஸ் தீவில் இறங்கிய குடியேறிகள் ஏராளமானோர் இங்கிருந்துதான் உள்நாட்டுக்கு ரயிலேறினார்கள். 1967-இல் ரயில்களைப் பக்கத்து நகரமான நூவர்க்குக்குத் திருப்பிவிட்டதும் நிலையம் ஓய்ந்தது. பூங்கா திறந்தது 1976 ஜூன் 14.

கூடத்தை மட்டும் பார்த்துவிட்டுப் படகு வரிசைக்கு ஓடிவிடாதீர்கள். பின்புறம் இருக்கும் ரயில் கொட்டகைதான் இந்த இடத்தின் உயிர். 1914-இல் 20 தண்டவாளங்களுக்காகக் கட்டியது. கூரை தாழ்வானது, நீராவி எஞ்சின் புகை வெளியேற ஒவ்வொரு தண்டவாளத்துக்கும் நேர் மேலே நீளமாகத் திறப்பு விட்டிருந்தார்கள். புகை போன அதே வழியாக இப்போது மழையும் வெயிலும் இறங்க, தண்டவாளம் கிடந்த பள்ளங்களில் மரங்கள் வரிசையாக வளர்ந்து நிற்கின்றன. உள்ளே விடமாட்டார்கள், வேலிக்கு வெளியே நின்று நிதானமாகப் பாருங்கள்.

படம் எடுக்க மாலைதான் நல்லது. மன்ஹாட்டன் கிழக்கே இருப்பதால் காலையில் வெயில் எதிரே அடிக்கும். சிலை கரையிலிருந்து முதுகைத்தான் காட்டும், முகம் வேண்டுமென்றால் படகுதான். படகுக்கு முன்னால் விமான நிலையம் போலச் சோதனை உண்டு, பேனாக்கத்திகூடக் கூடாது.

தீவிலிருந்து திரும்பும்போது நியூ ஜெர்சி படகுதானா என்று துறையிலேயே கேட்டு ஏறுங்கள். நியூயார்க் படகில் ஏறினால் மன்ஹாட்டனில் உள்ள பேட்டரி பார்க்கில் இறக்கிவிடுவார்கள். உங்கள் கார் அக்கரையில் நிற்கும்.