லித்துவேனிய மொழியின் முதல் இலக்கணம்: எந்த ஆண்டைப் போடுவது?

கேள்வி: ஒப்பிலக்கணம் படிக்கிறேன். லித்துவேனிய மொழியின் முதல் இலக்கணம் 1653 என்கிறது ஒரு நூல். வேறு இடங்களில் 1673, 1737, 1901 என்றெல்லாம் இருக்கிறது. ஆய்வேட்டில் எதைப் போடுவது?

பதில்: 1653 என்றே போடுங்கள். ஆனால் 'முதல் இலக்கணம்' என்று நிறுத்தாமல் 'அச்சேறிய முதல் இலக்கணம்' என்று எழுதுங்கள். அந்த 'அச்சேறிய' விட்டுப்போவதால்தான் பாதிக் குழப்பம்.

எழுதியவர் டேனியல் க்ளைன், பிரஷ்யாவின் திலிசித் ஊர்ப் பாதிரியார். நூல் முழுக்க லத்தீன். பெயர் 'கிராமட்டிகா லித்துவானிகா'. அச்சானது கோனிக்ஸ்பெர்க்கில். பலர் சறுக்குவது இங்கேதான், 'லித்துவேனியாவில் வெளியானது' என்று எழுதிவிடுவார்கள். அது ஜெர்மானிய அரசர்கள் ஆண்ட அன்றைய பிரஷ்யா, இன்றைய ரஷ்யாவின் கலினின்கிராத். லித்துவேனிய மொழியின் முதல் அச்சு நூலான மாஜ்வீதஸின் ஞானோபதேசமும் (கிறித்தவ சமயப் பாடநூல், 1547) அங்கேதான் வந்தது. காரணம் லூத்தரன் என்ற சீர்திருத்தக் கிறித்தவ சபை. பிரஷ்யாவில் வாழ்ந்த லித்துவேனியக் குடியானவர்களுக்கு அவர்கள் மொழியிலேயே பிரசங்கம் செய்ய வேண்டும். பாதிரிமார்களில் பலர் ஜெர்மானியர். எழுத்துக்கூட்டலோ ஆளுக்கொரு விதம். அதைச் சீர்செய்யத்தான் ஆட்சியாளர் பிரெடரிக் வில்லியம் இலக்கணம் எழுதச் சொன்னார். அடுத்த ஆண்டே க்ளைன் ஜெர்மனில் ஒரு சுருக்கமும் கொண்டுவந்தார்.

க்ளைன் விட்டுப்போனதை இன்றும் கண்ணால் பார்க்கலாம். லித்துவேனிய நெடுங்கணக்கில் ரோமன் 'e'யின் தலையில் ஒற்றைப் புள்ளி வைத்த எழுத்து (ė) ஒன்று உண்டு. ஒலி கிட்டத்தட்ட நம் ஏகாரம். அதைக் கொண்டுவந்தவர் அவர்தான். திலிசித்தை லித்துவேனியர் 'தில்ஜே' என்பார்கள். அந்தப் பெயரின் கடைசி எழுத்தே அதுதான்!

சரி, மற்ற ஆண்டுகள். 1673-ல் வெளியானது சப்பூன் எழுதியது. க்ளைனுக்கு முன்பே எழுதி, கையெழுத்துப் படியாகக் கிடந்ததைப் பின்னாளில் ஷுல்ஸ் பதிப்பித்தார். 'முதலில் எழுதப்பட்டது' என்று வாதாட விரும்புகிறவர்கள் பிடித்துக்கொள்வது இதை. 1737, லித்துவேனியத் தலைநகர் வில்னியஸில் ஆசிரியர் பெயரில்லாமல் வந்த லத்தீன் இலக்கணம். லித்துவேனிய மண்ணில் அச்சாகி நம் கைக்குக் கிடைப்பவற்றில் இதுவே முந்தியது. சொல்லழுத்தத்தைக் குறிகளால் வேறுபடுத்திக் காட்டியதால் ஒலியியல்காரர்களுக்குப் பிடித்த நூல்.

1901-ஐ முதல் என்று எந்தக் கணக்கிலும் சொல்ல முடியாது. அது மொழியறிஞர் யப்லோன்ஸ்கிஸ் லித்துவேனிய மொழியிலேயே எழுதிய இலக்கணம். இன்றைய லித்துவேனியப் பொதுமொழிக்கு அடித்தளம், அதனால்தான் அடிக்கடி கண்ணில் படுகிறது. அன்று லித்துவேனியாவை ஆண்ட ரஷ்யப் பேரரசில் லத்தீன் எழுத்தில் லித்துவேனிய நூல் அச்சிட 1864 முதல் 1904 வரை தடை. அதனால் அவர் புனைபெயரில், எல்லைக்கு அப்பால் அச்சிட்டார். எங்கே என்கிறீர்களா? க்ளைனின் அதே தில்ஜேயில்.